ஓடையில் மீன் ஏறும் வழியும், ஏரியைத் தூர்க்கும் சாலை மண்ணும்

(ஜவ்வாது மலையடிவாரக் கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காகச் செய்த பிரசங்கம்)



சங்கக் கூட்டம் என்றால் கடன், வட்டி, விதை, உரம், பால் விலை ஆகிய விஷயங்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பதோ ஓடையில் ஏறும் மீனும், சாலையினின்று கரைந்து வரும் மண்ணும். இவை இரண்டும் நமது வரவு செலவைச் சேர்ந்தவையே. ஆயினும் எந்தச் சங்கத்தின் பேரேட்டிலும் இவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டதில்லை. எழுதப்படாத நஷ்டம் நஷ்டமென்றே ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ஆகையால் அந்தக் கணக்கை உங்கள் முன்னிலையில் எழுதிக் காட்டுவதே என் உத்தேசம்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு வழியாக ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்திற்கு அருகே வயலூரில் கடலை அடைகின்றது. ஆண்டில் பெரும்பகுதி அதில் மணலே தெரியும்; மேல்நீர் ஓடுவது சில காலமே. இப்பிரதேசத்தின் நீர்வளம் பெரிதும் துணையாறுகளையும் ஓடைகளையும் அவை நிரப்பும் ஏரிகளையும் பொறுத்தது. பேரணாம்பட்டுப் பக்கத்தில் மலட்டாறு, குடியாத்தத்தில் கவுண்டன்ய நதி, ஒடுகத்தூர்ப் பக்கத்தில் உத்திர காவேரி ஆகியவற்றை நீங்கள் யாவரும் அறிவீர்கள். மலையில் பெய்த மழை ஓடையாகி ஏரியில் விழும்; ஏரி நிரம்பினால் கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்; கடைசி ஏரியின் மறுகால் ஆற்றில் சேரும். நம் முன்னோர் அமைத்த இந்தச் சங்கிலி தண்ணீருக்கு மட்டுமல்ல, மீனுக்கும் வழியாக இருந்தது.

மழைக்காலத்தில் புதுவெள்ளம் வரும்போது மீன் எதிர்நீரில் ஏறுவதைக் கிராமத்துச் சிறுவரும் அறிவர். கெண்டையும், கெளுத்தியும், ஆராலும், அயிரையும் ஏரியையும் ஆற்று மடுவையும் விட்டு ஓடைக்குள் புகுகின்றன. அவை விளையாட்டுக்காக ஏறுவதில்லை. முட்டையிடுவதற்கும், குஞ்சுகள் பெரிய மீனின் வாய்க்குத் தப்பிப் பிழைப்பதற்கும் உகந்த ஆழமில்லாத தெளிந்த இடங்களைத் தேடியே ஏறுகின்றன. விலாங்கின் பிரயாணம் இதற்கு நேர் எதிரானது. அது கடலிலே பிறந்து, சிறு குட்டியாக ஆற்றில் ஏறி வந்து, பல ஆண்டுகள் நன்னீரில் வாழ்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பிச் செல்கின்றது. மேலே ஏறுவதோ கீழே இறங்குவதோ, வழி ஓரிடத்தில் அறுந்தால் அந்த இனம் அந்த இடத்திற்கு அப்பால் இல்லாமற் போகும்.

இந்த வழி எங்கே அறுகின்றது? பெரிய அணைகளில் மட்டுமே என்று நினைப்பது சரியன்று. நமது கிராமச் சாலை ஓடையைக் கடக்கும் இடத்திலேயே பெரும்பாலும் அறுகின்றது. பத்தடி அகலமுள்ள ஓடையின் குறுக்கே மண்ணை மேடாகக் கொட்டி, மூன்றடி வட்டமுள்ள சிமெண்டுக் குழாய் ஒன்றைப் பதித்து, அதன்மேல் சாலை போடுகின்றோம். பத்தடியில் பரந்து வந்த வெள்ளம் மூன்றடிக் குழாய்க்குள் நெருக்கப்படுவதால் அதன் வேகம் மிகுகின்றது. அந்த வேகத்தோடு வெளியே பாயும் நீர், குழாயின் வாய்க்குக் கீழே ஓடைத்தரையை ஆண்டுதோறும் பறிக்கின்றது. பதித்த நாளில் தரையோடு தரையாக இருந்த குழாய், சில ஆண்டுகளில் தரைக்கு மேல் முழ உயரத்தில் தொங்குகின்றது. நீர் அருவிபோல் விழுகின்றது. கீழே ஒரு குட்டை உண்டாகின்றது. ஏறி வந்த மீன் அந்தக் குட்டையோடு நின்றுவிடுகின்றது. அந்த உயரத்தைத் தாண்டிய மீனுக்கும் குழாயினுள்ளே இளைப்பாறக் கல்லோ மறைவோ இல்லை. வழவழப்பான தளத்தில் வேகமான நீரை எதிர்த்துச் சிறிது தூரம் நீந்திக் களைத்து, அது மீண்டும் கீழே வந்து விழும்.

நமது நாட்டுப் பனையேறிக் கெண்டையை நீங்கள் அறிவீர்கள். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி, அம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய செய்தி 1797ஆம் ஆண்டில் வெளிவந்து, ஐரோப்பியப் பண்டிதர்களை வியப்பில் ஆழ்த்தியது. அம்மீனும் குறவையும் ஈரத்தரையில் சிறிது தூரம் நகர்ந்து செல்ல வல்லவை. மற்ற மீன்களில் பலவற்றுக்கு அந்த வரம் இல்லை. அவற்றுக்கு ஒரு முழ உயரமே மதில்சுவர் ஆகும்.

அந்தக் குட்டையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். சினை நிறைந்த மீன்கள் மேலே போக வழியின்றி அங்கே கூடுகின்றன. நாம் வலையும் கூடையும் கொண்டு சென்று வாரிக்கொண்டு வருகின்றோம். அன்றைக்கு நல்ல குழம்புதான். ஆனால் முட்டையிடப் போன மீனைப் பிடிப்பது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவதை ஒக்கும். ஏரியின் மீன்பாசிக் குத்தகை எடுக்கும் சங்கங்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகள் தேங்கிய ஏரியில் இனம் பெருக்குவதில்லை. 1957ஆம் ஆண்டில் ஒரிஸ்ஸாவில் ஹிராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி ஊசிமருந்தினால் அவற்றை முட்டையிடச் செய்யும் முறையைக் கண்டார். அது முதல் பண்ணைக் குஞ்சுகள் கிடைக்கலாயின. அந்தக் குஞ்சுகளை நாம் பணம் கொடுத்து வாங்கி விடுகின்றோம். கெளுத்தியும், விராலும், நாட்டுக் கெண்டையும், அயிரையுமோ தாமாகவே வந்து சேரும் மூலதனம். வட்டியில்லாத அந்த மூலதனத்திற்கு வாசலை அடைத்துவிட்டுக் குஞ்சுக்குக் கடன் கேட்பது சிக்கனமாகுமா?

இனி மண்ணின் கணக்கிற்கு வருவோம். ஒரு கிலோமீட்டர் நீளமும் 12 அடி அகலமும் உள்ள மண் சாலையில், ஒரு மழைக்காலத்தில் கால் அங்குல மண் மாத்திரம் கரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவே சுமார் 820 கன அடி, அதாவது எட்டு யூனிட்டுக்கு மேல் ஆகின்றது. சாலைக்காக வெட்டிய மலைச்சரிவும், ஓரத்துக் கால்வாயும் தரும் மண் இதற்கு மேற்பட்டது. சாலையோரக் கால்வாய் நேராக ஓடையில் போய் விழுமாறு வெட்டப்பட்டிருந்தால், அவ்வளவும் ஓடை வழியே ஏரிக்குச் செல்லும். 25 ஏக்கர் பரப்புள்ள ஏரியில் ஓர் அங்குலம் மண் படிந்தால் அது 90,750 கன அடி, ஏறக்குறைய 907 யூனிட். லாரிக்கு 3 யூனிட் வீதம் அதை எடுக்க 300 நடைக்கு மேல் வேண்டும். அந்த ஓர் அங்குலத்தினால் ஏரி இழக்கும் தண்ணீர் சுமார் 25 லட்சம் லிட்டர். நடைக்கூலியை உங்கள் ஊர் விலைக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். மேலும், வயலுக்கு உரமாக விரும்பி எடுக்கும் வண்டலைப்போல் அல்லாது, சாலையிலிருந்து வரும் கிராவலையும் ஜல்லிப்பொடியையும் வயலில் கொட்ட எந்தக் குடியானவரும் இசையார்.

இம்மண் ஏரியை அடையுமுன்னே ஓடையிலும் கெடுதி செய்கின்றது. கூழாங்கற்களின் இடுக்கில் இடப்பட்ட முட்டைகளுக்கு அவ்விடுக்கு வழியே ஓடும் நீர்தான் காற்றைக் கொடுக்கின்றது. நுண்மண் அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டைகள் மூச்சின்றி அழியும். குஞ்சு மீனுக்கு இரையாகும் சிறு பூச்சிகளும் அங்கேதான் வாழ்கின்றன, அவையும் ஒழியும். ஆகவே சாலை, மேலே வழியை அறுப்பதும் கீழே தொட்டிலை மூடுவதும் ஆகிய இரு தீங்குகளைச் செய்கின்றது.

இதைக் கேட்டு நான் சாலைகளுக்கு விரோதி என்று எவரும் எண்ணலாகாது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒரு குழந்தை, சரியான சாலை இல்லாமையால் காலத்தில் ஆஸ்பத்திரி சேர முடியாமல் இறந்தது. அவ்வுடலைத் தாய் கையில் ஏந்தி மலையேறி நடக்க நேர்ந்தது. அதன் பின்னும் மலைக்குச் சாலை வேண்டாமென்று சொல்பவர் நெஞ்சில் ஈரமில்லாதவர். சாலை வேண்டும், மலைக்கிராமம் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். ஆனால் ஓடைக்கு இடம் விட்டுப் போடப்பட்ட சாலை வேண்டும். ஏனெனில் மீன் போக முடியாத பாலம், பெருவெள்ளத்தில் தானும் நிற்க முடியாத பாலமாகவே பெரும்பாலும் இருக்கின்றது.

1903ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடி ஏராளமான உயிர்களைக் கொண்டு சென்றது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் பெருவெள்ளம் வந்தபோது, மாதனூரிலிருந்து உள்ளி வழியாகக் குடியாத்தம் செல்லும் தரைப்பாலம் அடித்துச் செல்லப்பட்டு மக்கள் சுற்றுவழியில் அலைந்தனர். இதே பாடத்தை அமெரிக்காவில் வெர்மான்ட் என்னும் மலைநாட்டவரும் கற்றனர். 2011ஆம் ஆண்டில் அங்கு ஐரீன் என்னும் புயல்மழை பெய்தது. ஓடையின் முழு அகலத்திற்கும் திறந்து, இயற்கையான தரையை உள்ளே விட்டு, மீனுக்காகக் கட்டிய சிறுபாலங்கள் அவ்வெள்ளத்தைத் தாங்கி நின்றன. குறுகிய பழைய குழாய்கள் பல அடைபட்டும், சாலையோடு பெயர்ந்தும் போயின. மீனுக்கு விட்ட இடம் வெள்ளத்திற்கும், அதனோடு உருண்டு வரும் மரத்திற்கும் கல்லுக்கும் இடமாயிற்று.

வந்தபின் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. 1836ஆம் ஆண்டில் ஸர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வரும் உல்லம் மீனுக்கு அது தடையாயிற்று. பிற்காலத்தில் அங்கே மீன் ஏணி ஒன்று அமைத்துப் பார்த்தனர். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. மேல்நாட்டுச் சால்மன் மீன் நீர்வீழ்ச்சியில் குதித்து ஏறும். உல்லத்திற்கு அந்தக் குணம் இல்லை. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிந்தபின் காவேரியில் உல்லம் மேலும் அருகிவிட்டது. அந்தந்த மீனின் சுபாவத்தை அறிந்து வழி செய்ய வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அப்படி அறிந்து செய்த இடமும் உண்டு. லாவோஸ் நாட்டில் மேக்கோங் நதிக்கரையில் பாக் பெயுங் என்னுமிடத்தில், வயலுக்கு நீர் தேக்கும் மதகு ஒன்று ஆற்றுமீன் சதுப்பேரிக்குள் செல்வதைத் தடுத்தது. 2010க்குப் பின் அந்நாட்டாரும் ஆஸ்திரேலிய நிபுணரும் சேர்ந்து, உள்ளூர் மீன்களை முதலில் சோதித்து, அவற்றின் பலத்திற்கு ஏற்ற படிவழியை அங்கே கட்டினர். பல வகை மீன்கள் அதன் வழியே ஏறுகின்றன. நம்முடைய கலிங்குகளும் அதே விதமான சிறு தடைகளே.

தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பிரதேசத்தில் வேறொரு கேள்வி தவிர்க்க முடியாதது: வழியைத் திறந்துவிட்டால் மீன் எந்தத் தண்ணீருக்குப் போய்ச் சேரும்? தோலைக் கெடாமல் வைக்கும் உப்பும், பதனிடும் குரோமியமும் கலந்த கழிவு பல ஆண்டுகள் பாலாற்றிலும் கிணறுகளிலும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டுமென்று விதித்தது. அத்தீர்ப்பின்படி அமைந்த அதிகாரசபை 2001இல் 29,000க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு நஷ்டஈடு நிர்ணயித்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதியும் அதே கோர்ட்டு, பாலாற்றின் துன்பம் தீரவில்லையென்று கண்டு புதிய கட்டளைகளை இட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் சாதாரண முறைகள் குரோமியத்தையும் அழுக்கையும் குறைப்பினும், கரைந்த உப்பை நீக்கா. அதற்குத் தனி யந்திரமுறை வேண்டும். ஆகையால் கழிவுநீர் வந்து சேரும் கால்வாயில் மீன்வழி அமைப்பது முதற்காரியம் அன்று. தொழிற்சாலைகளுக்கு மேலே, மலையிலிருந்து நல்ல தண்ணீர் இறங்கும் ஓடைகளிலேதான் தொடங்க வேண்டும். கெடாமல் எஞ்சியிருப்பவை அவையே. மலட்டாறும் பாலாறும் என்றேனும் தேறினால், அங்கே மீண்டும் குடியேற வேண்டிய மீன்களுக்கு வித்தும் அந்த ஓடைகளிலேதான் இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, கணக்கெடுப்பு. உங்கள் ஏரிக்கு மேலேயுள்ள ஓடை முழுவதும் நான்கு பேர் நடந்து, சாலை கடக்கும் ஒவ்வோரிடத்திலும் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓடையின் அகலம், பாலத்தின் திறந்த அகலம், கீழ்ப்பக்கத்தில் நீர் விழும் உயரம். சாலையோரக் கால்வாய் ஓடையில் விழுகின்றதா என்பதையும் எழுதுங்கள். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் அளவுநாடாவும் போதும்.

இரண்டாவது, கட்டுப்பாடு. புதுவெள்ளம் வந்து மீன் ஏறும் நாட்களில் பாலத்தடியிலும் கலிங்கடியிலும் வலை வீசுவதில்லை என்று சங்கத்தில் தீர்மானம் செய்யுங்கள். வெடியும் விஷமும் இட்டு மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்திலேயே குற்றமென்று கண்டிருக்கின்றது. காசு செலவில்லாத காரியம் இதுவே. ஆனால் மனக்கட்டுப்பாடு வேண்டுவதும் இதுவே.

மூன்றாவது, சாலை நீரை ஓடையினின்று பிரித்தல். ஓரத்துக் கால்வாய் ஓடையை அடையுமுன்பே அங்கங்கே திருப்பிப் புல்தரையிலோ புதரிலோ விட்டால், நீர் அங்கே ஊறும். மண் அங்கே தங்கும். செங்குத்தான மண் சாலையில் இடையிடையே குறுக்காகச் சிறு மேடும் பள்ளமும் அமைத்து நீரை வெளியேற்ற வேண்டும். வெட்டிய சரிவில் வெட்டிவேரும் புல்லும் நட வேண்டும். சாலையை வழித்த மண்ணை ஓடைக்கரையில் தள்ளவே கூடாது.

நான்காவது, உள்ள பாலங்களைத் திருத்துதல். தொங்கும் குழாயின் கீழே பெருங்கற்களை அடுக்கி, 20 அடிக்கு 1 அடி வீதம் சரிவு வைத்து, இடையிடையே சிறு குட்டைகள் விட்டு, ஓடைத்தரையைக் குழாயின் வாய்மட்டம் வரை உயர்த்தலாம். கலிங்கின் ஓர் ஓரத்திலும் இத்தகைய கற்சரிவு அமைக்கலாம். ஆனால் பாலமும் கலிங்கும் சர்க்கார் இலாகாக்களுக்கோ பஞ்சாயத்துக்கோ உரியவை. மலையில் ஓடை காப்புக்காட்டைச் சேர்ந்ததாகவும் இருக்கும். உரியவர் அனுமதியும் எஞ்சினீயரின் மேற்பார்வையும் இன்றி ஒரு கல்லையும் பெயர்க்கலாகாது.

ஐந்தாவது, புதிய பாலங்கள். இதுவே மிகவும் முக்கியம். புதிய சாலைக்கு மதிப்பீடு தயாராகும்போதே, திறப்பு ஓடையின் முழு அகலத்திற்குக் குறையாமலும், அடித்தளம் ஓடைத்தரைக்குக் கீழே புதைந்து உள்ளே கல்லும் மணலும் இயற்கையாகத் தங்குமாறும், சரிவு ஓடையின் சரிவோடு ஒத்தும் இருக்க வேண்டுமென்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மார்ச்சு 22ஆம் தேதி உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் சபை இதற்கு மிகவும் ஏற்றது. பின்னால் திருத்துவது எத்தனை கஷ்டம் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணமே சாட்சி. பூர்வகுடிகளுக்கு உரிய சால்மன் மீனின் வழியைச் சாலைக் குழாய்கள் அடைத்தன என்று வழக்கு நடந்து, 2013இல் அவற்றைத் திருத்துமாறு கோர்ட்டு கட்டளையிட்டது. 2018இல் அந்நாட்டு உச்ச கோர்ட்டிலும் அக்கட்டளை நிலைத்தது. அம்மாகாணம் அதற்காகப் பெருந்தொகை செலவிட நேர்ந்தது.

கிராமத்தாரின் கை இத்தனை பெரிய காரியத்தைச் செய்யுமா என்று ஐயுறுவோர் நாகநதியைப் போய்ப் பார்க்கட்டும். ஜவ்வாது மலையிலிருந்து வரும் அந்நதி வறண்டு கிடந்தது. 2014 முதல் ஆயிரக்கணக்கான பெண்கள் ஊரக வேலைத் திட்டத்தில் சேர்ந்து, பள்ளங்களில் கற்றடைகளும், நீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளும் அமைத்தனர். ஓடிவரும் நீரின் வேகம் குறைந்தது. மண் மலையிலேயே தங்கியது. சுற்றுக் கிணறுகளில் நீர் ஏறியது. ஒன்று மாத்திரம் நினைவில் வையுங்கள்: கற்றடைகளை மீன் ஏறாத வறண்ட பள்ளங்களில் இடுங்கள், மீன் ஏறும் ஓடையின் குறுக்கே இட்டால் நாமே புதிய தடை கட்டியவர்களாவோம்.

அங்கத்தினர்களே, தனி ஒருவர் தம் வயலைத் திருத்தலாம். ஓடையைத் திருத்த முடியாது. மேலூரார் சாலை மண் கீழூரார் ஏரியில் விழுகின்றது. கீழூரார் பாலம் மேலூரார் மீனைத் தடுக்கின்றது. ஒருவர் செய்வது மற்றவரைத் தொடும் இத்தகைய காரியத்திற்காகவே கூட்டுறவு ஏற்பட்டது. ஆகையால் ஓர் ஓடையைச் சேர்ந்த சங்கங்கள் எல்லாம் ஒன்றுகூடி, அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் மேற்சொன்ன கணக்கெடுப்பை முடித்து, திருத்த வேண்டிய பாலங்களில் முதலாவது எது என்பதைத் தீர்மானிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். ஆண்டுக்கு ஒரு பாலம் திருந்தினாலும் போதும். ஐந்து ஆண்டுகளில் ஐந்து தடைகள் நீங்கும். அப்பொழுது மீன் எதுவரை ஏறிற்று என்பதை உங்கள் சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வையுங்கள்.